கைக்கு வந்த பந்து

"எனக்கு ஜோடியை மாத்திக் குடுங்க சார். இவங்களோட ஆடினா என் ஃபோர்ஹேண்ட் முன்னேறாது."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள் மதனவதி. காஞ்சிபுரத்தில் பேர் சொல்லும் பட்டுக்கடைக்காரி. குரலைத் தணித்துப் பேசிப் பழக்கமில்லை.

'இவங்க' என்றது வடிவாம்பாளை. வீட்டில் தறி நெய்கிறவள். பெண்களுக்கான காலை டென்னிஸ் வகுப்பில் மூன்று வாரமாக இருவரும் எதிரெதிரே நின்று பழகினார்கள்.

அந்த மூன்று வாரத்தில் மதனவதியின் ஃபோர்ஹேண்ட் பளிச்சென்று வந்துவிட்டது. தோளைத் திருப்பி, பந்தை உடம்புக்கு முன்னால் வாங்கி அடித்து, மட்டையை இடது தோள்வரை கொண்டுபோய் முடிப்பாள். பயிற்சியாளர் தர்மனே பாராட்டியிருந்தார். வடிவாம்பாளோ ஒரு பாயிண்ட்கூட எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு ஆள் எடுக்கும் நேரத்தில், இவளை ஜெயித்துக் காட்டினால் யார் மதிப்பார்கள்?

தர்மன் உடனே கல்லூரியில் படிக்கும் சந்தியாவை எதிரில் நிறுத்தினார்.

முதல் பந்து மதனவதியின் காலடியில் விழுந்தது. அடுத்தது இடது பக்கம் பறந்தது. மூன்றாவதற்கு மூச்சு வாங்க ஓடி, வலையில் அடித்தாள். பத்துப் பந்தில் ஒன்றுகூட அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. யாரோ சிரித்தார்கள். மதனவதிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இந்தப் பொண்ணு கைக்கே போட மாட்டேங்குது சார்."

"டென்னிஸ்ல யார் மேடம் கைக்குப் போடுவாங்க?" தர்மன் வடிவாம்பாள் பக்கம் திரும்பினார். "நீங்க ஒருத்தர்தான்க்கா போட்டுக்கினு இருந்தீங்க. எட்டாத இடத்துல அடிங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

வடிவாம்பாள் கூசிப்போனாள். தப்பு தன்னுடையது என்றுதான் அவள் நினைத்தாள்.

"கரையைத் தனி நூல்ல கோத்து நெய்யுற கோர்வைப் புடவைக்குத் தறியில ரெண்டு பேரா உக்காருவோம் சார். நாம விடுற நூல் சுத்தின நாடா பக்கத்துல இருக்கறவங்க கைக்குக் கரெக்டா போவணும். தவறிச்சின்னா புடவை கெட்டுடும். அந்தப் பழக்கம் போவ மாட்டேங்குது." மதனவதியைப் பார்த்தாள். "மன்னிச்சிக்கங்கமா. உங்க ஆட்டத்தைக் கெடுத்துட்டேன்."

மதனவதியால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தனை வெட்கமாக இருந்தது.

கடைக்கு வருகிறவர்களிடம் கோர்வைப் புடவையை விரித்துக் காட்டி, "இதை ஒருத்தரா நெய்ய முடியாதுமா, கூட ஒருத்தர் கைகொடுத்தாத்தான் வரும்" என்று இருபது வருஷமாகச் சொல்லி விற்கிறவள் அவள்.