கோல்கீப்பரின் ஒரே பலவீனம்

வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து ஆடுகிற பெண்கள் எல்லோர் காதிலும் ஒரு குட்டிக் கருவி இருக்கும். எதிரணியின் பலவீனத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது அதன் வேலை. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில் அது ரோஸ்லினிடம் சொன்னது: "இந்தக் கோல்கீப்பருக்கு ஒரே பலவீனம்தான், தங்கைப் பாசம். கீழே விழுந்து அலறு."

கோல்கீப்பர் ரோஸ்லினின் அக்கா ஷர்மிளி.

ரோஸ்லின் பந்தைக் கோல் பக்கம் தட்டிவிட்டு, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். "யக்கா!"

"அய்யோ, இன்னாடி ஆச்சு?" என்று ஷர்மிளி கோலை விட்டுவிட்டு ஓடிவந்தாள். காலியான கோலுக்குள் பந்து நிதானமாக உருண்டு போனது. ரோஸ்லின் துள்ளி எழுந்து கைதட்டினாள். பயிற்சியாளர் அதை அறிவார்ந்த ஆட்டம் என்றார். மாநில அணியில் அவளுக்கு இடமும் கிடைத்தது.

அடுத்த வாரம் பயிற்சியில் ரோஸ்லினுக்கு நிஜமாகவே கால் பிசகியது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, கொஞ்சம் தைலம் தேச்சு வுடேன். உயிர் போவுது."

ஷர்மிளி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போய் ஒன் காது மிஷினாண்ட சொல்லுடி. அது தேச்சு வுடும்."

ரோஸ்லின் கழற்ற மறந்திருந்த கருவி உடனே எச்சரித்தது: "கவனம். கோல்கீப்பரின் பலவீனம் முழுமையாகக் குணமாகிவிட்டது."