யாரும் தள்ளாத ஆட்டம்

“ராஜா, அம்மாடா” என்று அத்தை கூப்பிட்டாள். படுக்கையில் நினைவில்லாமல் கிடந்தவனின் சுட்டுவிரல் லேசாக அசைந்தது.

“பாத்தியா? என் புள்ளைக்குக் காது கேக்குது!”

மருமகள் பார்த்தாள். பார்ப்பதுதான் அவள் வேலையே. ஆய்வுக்கூடத்தில், தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பி ஆடுவதை லேசர் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதுக்கா இவ்வளவு படிச்சே என்று இதே அத்தை எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள்!

அந்தக் கம்பியை யாரும் தள்ள வேண்டாம். அதன் உடம்பிலுள்ள சூடு ஒன்றே போதும், அது பாட்டுக்கு நடுங்கும். அளவோடு தள்ளினால் அளவோடு ஆடும். கொஞ்சம் மிஞ்சித் தள்ளிவிட்டாலோ, சட்டென்று வேறோர் ஆட்டத்துக்குத் தாவிவிடும். அப்புறம் தள்ளுவதைக் குறைத்தாலும் வந்த வழியே திரும்பாது.

இவனும் அப்படித்தான் போனான். மூளைக் காய்ச்சல் ஏறியது. பாழாய்ப்போன காய்ச்சல் இறங்கவும் செய்தது. அவன் மட்டும் திரும்பவில்லை.

மூச்சுக்காக வைத்திருக்கும் குழாயை எடுத்துவிடலாமா என்று நாளைக் காலை டாக்டர் கேட்பார். வேண்டாம் என்று சொல்ல இவர்களிடம் இருந்தது அந்த ஒரு விரல்தான்.

அத்தை முகம் கழுவப் போனாள். கூப்பிட ஆளில்லை. ஆனாலும் விரல் அசைந்தது.

மருமகள் விரலருகே குனிந்து பார்த்தாள்.

ஆய்வுக்கூடத்தில் கம்பி ஆடினால் உடனே நம்பிவிட மாட்டார்கள். சுற்றியுள்ள மோட்டார்களை எல்லாம் அணைத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். இங்கே கட்டிலுக்கடியில், படுக்கைப்புண் வராமலிருக்க மெத்தைக்குக் காற்றடிக்கும் பெட்டி டுப் டுப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் போயிற்று. குனிந்து அணைத்தாள்.

விரல் நின்றது.

“என்னங்க” என்றாள். இன்னும் சத்தமாக, “என்னங்க!” என்றாள். விரல் விரலாகக் கிடந்தது.

நிமிர்ந்தால், ஈர முகத்தோடு அத்தை வாசலில் நிற்கிறாள். பெட்டியின் விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். ஐயோ, ஏன்தான் தொட்டோமோ என்றிருந்தது மருமகளுக்கு.

“சத்தம் தாங்கலைன்னு நேத்து நானும் அணைச்சேன்மா. விரலும் நின்னுடுச்சு. நீ உடைஞ்சு போயிடுவியேன்னுதான் சொல்லலை.”

பிறகு அத்தை குனிந்து சுவிட்சைப் போட்டாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, “ராஜா, அம்மாடா” என்றாள்.

விரல் அசைந்தது.

“நீயும் கூப்பிடும்மா” என்றாள்.