ஒத்தைக் கம்மல்

"அந்த மினி பஸ்ஸை விட்டுராத தம்பி! எங்க வீட்டுக்காரர் அதுலதான் ஏறினார்!"

என் வண்டி முன்சீட்டுல ஏறினதும் புருலாய் அக்கா போட்ட சத்தத்துல கரகோல் டாக்சி ஸ்டாண்டே திரும்பிப் பார்த்துச்சு.

"அக்கா, இது ஷேர் டாக்சி. நாலு பேர் ஏறாம எடுக்க முடியாது."

"போன வியாழக்கிழமையும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தின வியாழக்கிழமையும் சொன்ன. நீ ஆள் ஏத்துறதுக்குள்ள மனுஷன் பஜார் கூட்டத்துல மறைஞ்சுட்டார்."

நியாயம்தான். ஆள் ஏத்திக்கிட்டே துப்பறியறவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

ஒரு பெரியம்மா, காய்ஞ்ச தயிர் உருண்டை மூட்டையோட பின்சீட்டுல ஏறினாங்க. இது போதும்னு வண்டியை எடுத்தேன்.

"குபாத் வாத்தியார் அப்படிப்பட்டவர் இல்லக்கா. அவர்கிட்ட ஒன்பதாவதுல கணக்குப் பெயிலானதாலதான் நான் டிரைவரே ஆனேன். அவருக்கு எக்ஸ் எங்கன்னு தேடவே நேரம் பத்தாது. இதுல வேற பொம்பளையைத் தேடுவாரா?"

"சிரிக்காத. மூணு வாரமா வியாழக்கிழமையானா லேட்டு. கேட்டா மழுப்புறார். இன்னிக்கு மட்டும் மாட்டட்டும். நிச்சயத்தன்னிக்கு அவங்க அம்மா மாட்டிவிட்ட கம்மலைக் கழட்டி அவர் கையிலயே குடுத்துட்டு, எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

சும்மா சொல்லல. பேசிக்கிட்டே இடது காதுக் கம்மலைக் கழட்டி உள்ளங்கையில வச்சுக்கிட்டாங்க.

எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.

"சரிக்கா. மொத வாரம் அவர் லேட்டா வந்தாரே, அப்ப உங்களுக்கு மொதல்ல என்ன தோணுச்சு?"

அக்கா யோசிச்சாங்க.

"பெஷ்பர்மக் பண்ணியிருந்தேன். ஆட்டுக்கறின்னா உயிரை விடுற மனுஷன், தொடவே இல்ல. பாவம், இவருக்கு எங்கயோ வலிக்குதுன்னு தோணுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சேன். வெளியில எவளோ சோறு போட்டிருப்பாளோன்னு. அன்னிலேருந்து அதேதான். துணி துவைக்கும்போது தோணுது, மாவு பிசையும்போது தோணுது..."

"அது உள்மனசு இல்லக்கா, பயம். உள்மனசு ஒரு தடவைதான் சொல்லும். சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிரும். பயம்தான் விளம்பரக் கம்பெனிக்காரன் மாதிரி திரும்பத் திரும்ப போன் அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"பய நல்லாத்தான் பேசுறான்"னாங்க பெரியம்மா.

நான் போனை எடுத்து ஒரு தடவை பார்த்தேன். சும்மா, மணி பார்க்கத்தான்.

அக்சூ கிராமத்துல மினி பஸ் நின்னுச்சு. வாத்தியார் இறங்கி அக்கம்பக்கம் பார்த்தார். நீலக் கதவு ஒண்ணைத் தட்டினார். கதவைத் திறந்தது ஒரு பொம்பளை.

"பார்த்தியா! பார்த்தியா!" அக்கா இன்னொரு கம்மல்லயும் கை வச்சுட்டாங்க.

"வண்டியை நிறுத்துப்பா, நானும் அங்கதான் இறங்கணும்"னாங்க பெரியம்மா. "அது சைகால் வீடு. மொச்சைக்கொட்டை போட்டுக் குறி சொல்றவ. வாத்தியாருக்கு முன்னாடி வந்திருந்தா வரிசையில நான்தான் முதல் ஆளு. உன் சண்டையால கெட்டுப்போச்சு."

அக்கா காதுலயே வாங்கல. புயல் மாதிரி உள்ள போனாங்க. பெரியம்மாவோட மூட்டையைத் தூக்கிக்கிட்டு நானும் பின்னாடியே ஓடினேன்.

உள்ள விரிச்ச துணியில நாப்பத்தோரு மொச்சைக்கொட்டை. வாத்தியார் எங்களுக்கு முதுகைக் காட்டி சம்மணம் போட்டு உக்கார்ந்திருந்தார். குரல் அழுதுரும்போல இருந்துச்சு.

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. என் பொண்டாட்டி வியாழக்கிழமையானா யாரோ ஒருத்தனோட பச்சைக் கார்ல போறாளாம். பக்கத்து வீட்டுல சொல்றாங்க. முன்சீட்டுலயே உக்காருறாளாம். ஓட்டுறவன் சின்னப் பயலாம். பல்லைப் பல்லைக் காட்டிப் பேசுவானாம்..."

சைகால் அக்கா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாங்க. அப்புறம் ஜன்னல் வழியா என் பச்சைக் காரைப் பார்த்தாங்க.

"அண்ணே, கொட்டை எதுக்கு? நீங்க திரும்பினாலே போதும்."

திரும்பினார். நான் சட்டுனு வாயை மூடி பல்லை மறைச்சேன்.

"நீயா? ஒன்பதாவதுல பெயிலான பயலா?"

"சார், சத்தியமா உங்களைப் பிடிக்கத்தான் சார் வந்தோம்!"

"அவனை விடுங்க. நீங்க வாராவாரம் எங்க போனீங்க?"ன்னாங்க அக்கா.

வாத்தியார் கன்னத்தைத் தடவினார்.

"பல் டாக்டர்கிட்ட. மூணு வாரம். ஊசியைப் பார்த்ததும் அலறிட்டேன். உன்கிட்ட சொன்னா நீ சிரிப்ப. பசங்களுக்குத் தெரிஞ்சா கிளாஸே சிரிக்கும். இன்னிக்குத்தான் இங்க வந்தேன்."

அக்கா அவர் பக்கத்துல போய் உக்கார்ந்தாங்க.

"வலிக்குதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்"னு மெதுவாச் சொன்னாங்க.

உள்ளங்கையை விரிச்சாங்க. வாத்தியார் கம்மலை எடுத்து, துவாரத்தைத் தேடித் தேடி மாட்டிவிட்டார். கணக்கு வாத்தியாருக்கே அது மூணு தடவை தப்பாப் போச்சு. அக்கா வலிக்குதுன்னு கத்திக்கிட்டே சிரிச்சாங்க. பெரியம்மா மூக்கைச் சிந்தினாங்க.

"சரி, வண்டியை எடு தம்பி, வீட்டுக்குப் போகலாம். எங்க ரெண்டு பேரையும் பின்சீட்டுல உக்கார வை"ன்னாங்க அக்கா.

நான் மறுபடியும் போன்ல மணி பார்த்தேன். அப்புறம் பெரியம்மாவை முந்திக்கிட்டு துணி முன்னாடி சம்மணம் போட்டு உக்கார்ந்தேன்.

"சைகால் அக்கா, எனக்கும் ஒரே ஒரு தடவை பாருங்களேன். நான் லவ் பண்ற மீரிம் என் மெசேஜைப் பார்த்துட்டா, ஆனா பதில் போடல. ஏதோ சரியில்லன்னு என் உள்மனசு காலையிலேருந்து பதினேழு தடவை சொல்லிருச்சு!"