மாலை ஆறு மணிக்கு ஒப்படைத்தேன்

“இப்பவே சொல்லிட்டேன். ஒரே ஒரு அபராதம் வரட்டும், சாவி என் கைக்கு வந்துடணும். அப்புறம் பழையபடி பஸ்தான் உனக்கு.”

ஸ்கூட்டர் வாங்க வந்த இடத்தில், விற்கிறவரை எதிரில் வைத்துக்கொண்டே கணவன் சட்டம் போட்டான்.

“சரி, சரி” என்றாள் தையல்காரி. தைத்த துணியை மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் நசுங்கிய காலம் இன்றோடு ஒழிகிறது. இந்த நிமிஷம் என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

விற்கிறவர் ஓய்வுபெற்ற கணக்காளர். எஞ்சின் நம்பரை மூன்று தடவை சரிபார்த்தவர், விற்பனைப் பத்திரத்தில் ஒப்படைக்கும் நேரத்தை எழுத வந்ததும் பேனாவை நிறுத்தினார். கணவனை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

“சார், இப்ப மணி பதினொண்ணு. நீங்க சாயந்தரம் ஆறுன்னு போட்டிருக்கீங்க.”

“தெரிஞ்சுதாம்மா போட்டேன். சாவியை இப்பவே எடுத்துக்கோங்க. பத்திரத்துல மட்டும் ஆறு மணி.”

கணவன் அவள் காதைக் கடித்தான். “இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு. ஆறு மணிக்குள்ள வேற யாராவது கூடக் கொடுத்தா, வண்டி இன்னும் என்னுதும்பாரு.” பிறகு சத்தமாகவே கேட்டான். “ஒன்பது வருஷ வண்டி, எண்ணூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கே?”

“வீட்ல ஓட்ட ஆளில்லை” என்றார் கணக்காளர்.

உள்ளே பாத்திரம் ஒன்று ‘ணங்’கென்று வைக்கப்பட்டது.

தையல்காரிக்கும் மனசு இடிக்கத்தான் செய்தது. கிழவர் சரியான கல்லுளிமங்கர். ஆனாலும் சாவி கையில் குளுகுளுவென்று இருந்தது. மீதியைப் படிக்காமலே கையெழுத்தைப் போட்டாள். கணவன் வேலைக்குப் பஸ் ஏறினான். அவள் பறந்தாள்.

ஹெல்மெட்டுக்குள் பாட்டு வேறு. தெருவில் யாரோ கையை ஆட்டிக் கத்தினார்கள். வண்டியை மெச்சுகிறார்கள் போலிருக்கிறது என்று இவளும் கையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் கணக்காளரிடமிருந்து போன்.

“ஒரு அபராதம் வந்திருக்கும்மா. பேர் இன்னும் மாறலை இல்லையா, என் போனுக்கு வந்துடுச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

மறுபடி பஸ், மறுபடி மூட்டை. விழுந்தடித்துக்கொண்டு போய் நின்றாள்.

“சார், பணத்தை நான் கட்டிடறேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

அவர் போனை நீட்டினார். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர். ஹெல்மெட்டுக்குள் முப்பத்திரண்டு பல்லும் தெரிய அவளேதான். நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு.

“போட்டோவுல நல்லா விழுந்திருக்கீங்க” என்றார் அவர். பிறகு பத்திரத்தை எடுத்துப் போட்டார். “படிங்க.”

‘மாலை ஆறு மணிக்கு வண்டியை ஒப்படைத்தேன். அதற்கு முன் ஏற்பட்ட அபராதங்கள் அனைத்தும் என் பொறுப்பு’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

“பதினொண்ணு ஐம்பத்திரண்டுக்கு வண்டி என்னுது. நேத்தே கட்டிட்டேன். முதல் நாள் சந்தோஷத்துல யாரும் போர்டு பார்த்து ஓட்டறதில்லை.”

தையல்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷரையா வில்லங்கம் என்று நினைத்தோம் என்று கூசிப்போனாள்.

“முன்னப்பின்ன தெரியாத எனக்காக ஏன் சார்?”

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். கையில் புத்தம்புதுசாக ஒரு பழைய ஹெல்மெட்.

“உன் வண்டியில ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா கண்ணு?”

“தாராளமாப் போயிட்டு வாங்கம்மா. உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

சாவியை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் கணவரைப் பார்த்தாள். ‘நீங்களே சொல்லுங்கள்’ என்கிற பார்வை.

கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த எண்ணூறு கிலோமீட்டரும் இவ ஓட்டினதுதாம்மா. ஒரே ஒரு அபராதம் வந்ததுக்காக, ஒன்பது வருஷமா சாவியை பீரோவுல பூட்டி வெச்சவன் நான்.”