அந்தப் பானைப் பக்கம் போகாதீங்க

"அந்தப் பானைப் பக்கம் யாரும் போகக் கூடாது, சொல்லிட்டேன். பன்னிக்கறியும் மிசோ விழுதும் போட்டா அது சேப்பங்கிழங்குக் குழம்பா? எங்க ஊர்ல அதுக்குப் பேரே வேற."

மினேகோ கரண்டியை நீட்டிச் சொன்னதில் ஆற்றங்கரையே திரும்பிப் பார்த்தது.

தன் பானையருகே நின்ற கயோவுக்குக் காது மடல் சுட்டது. கண் கலங்கியதற்கு, நல்ல வேளை, விறகுப் புகை சாக்காக இருந்தது.

ஜப்பானின் யாமகாதாவில் இலையுதிர்காலத்து மரங்கள் சிவக்க ஆரம்பித்தால் தெருவுக்கு ஒரு பானை ஆற்றங்கரைக்கு வந்துவிடும். கல்லைக் கூட்டி அடுப்பு, கடைக்காரர் இரவல் கொடுத்த பானை, மாட்டுக்கறி, சோயா சாஸ், சேப்பங்கிழங்கு. மலைக்கு அந்தப் பக்கம், கடலோரச் சகாதாவிலும் இதே கிழங்குதான். ஆனால் பன்றிக்கறி, சோயாவைப் புளிக்கவைத்து அரைத்த மிசோ விழுது, பொரித்த சோயாக்கட்டியான டோஃபு. இரண்டு பக்கத்தாரும் பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள். குழம்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கயோ சகாதாக்காரி. கணவன் ரியோஹெய்க்கு மாற்றலாகி, வசந்தத்தில் இந்தத் தெருவுக்கு வந்தவள். வணக்கம் சொன்னால் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். அதோடு சரி. அவள் வீட்டு வாசலை ஒருவரும் தாண்டியதில்லை.

"பேசாம அவங்க செய்யறதைச் சாப்பிட்டுட்டு வந்துடலாமே" என்றான் ரியோஹெய் அன்று காலையில்.

"இல்ல. எங்க ஊர்ப் பானையைத்தான் வெக்கப்போறேன். அது நிறைஞ்சபடி திரும்பி வந்துச்சுன்னா, நீங்க இங்க இருங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கையில் அதில் விளையாட்டு இல்லை.

மினேகோ வாயைத் திறக்கும் வரை எல்லாம் மரியாதையாகவே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்து பானைக்குள் குனிந்து, "நல்ல வாசனை" என்றார்கள். "ரொம்ப சிரமப்பட்டிருப்பீங்க" என்றார்கள். தலை வணங்கிவிட்டு, கையிலிருந்த காலிக் கிண்ணத்தோடு மினேகோவின் பெரிய பானைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

மினேகோவும் வந்து எட்டிப் பார்த்தாள். தெருச் சமையலுக்கெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். "பொரிச்ச டோஃபுவை இவ்வளவு பொடியாவா நறுக்குவாங்க?" என்று முணுமுணுத்தாள். திரும்பிப் போய்த்தான் அந்தச் சத்தம் போட்டாள்.

"அக்கா, பாவம், சின்னப் பொண்ணு" என்றார் முடிதிருத்தும் கோந்தா.

"பாவம் பார்த்தா நாக்கு கெட்டுப்போகும். நீங்க அங்க போனீங்கன்னா, அடுத்த வருஷம் என் பானையில உங்களுக்குக் கிண்ணம் கிடையாது."

அப்போது முதுகுப் பையோடு ஒரு வெளியூர்க்காரர் கரையில் இறங்கினார்.

"நாகசாகியிலேர்ந்து வரேங்க. இந்த ஊருக்கு வந்தா ஆற்றங்கரைக் குழம்பைச் சாப்பிடாமப் போகாதேன்னாங்க. எது அது?"

"இதுதான்." மினேகோ கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தாள். "வயிறாரச் சாப்பிடுங்க. அதோ அந்தப் பொண்ணு வெச்சிருக்குதே, அதை மட்டும் தொட்டுடாதீங்க."

"ஏங்க, அதுல என்ன?"

"அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

அவர் மாட்டுக்கறிக் குழம்பை நின்றபடியே குடித்து முடித்தார். முடித்த கையோடு நேரே கயோவிடம் வந்தார்.

"அப்படி என்னதாம்மா போட்டிருக்கே?"

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். கிண்ணம் காலியானதும் மறுபடி நீட்டினார்.

கோந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நல்லா இல்லேன்னு சொல்றதுக்காவது ஒரு வாய் வெச்சுப் பார்க்கணும் இல்ல?"

"போங்க, போங்க. போய்க் கெட்டுப்போங்க."

கோந்தா போனார். குடித்தார்.

"என்ன கோந்தாண்ணே, எப்படி?" என்று பத்துக் குரல்கள்.

"இருங்கய்யா, இன்னும் முடிவு பண்ணலை" என்று இரண்டாவது கிண்ணத்தை நீட்டினார்.

"அப்ப நாங்களும் முடிவு பண்ணணும்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மினேகோ தன் அடுப்பருகே நின்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் திட்டினாள். அவள் குரல் ஏற ஏற, கயோவின் முன்னால் வரிசை நீண்டது.

"மிசோ இவ்வளவு இதமா இருக்குமா? நாளைக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா, கத்துக்குடுப்பீங்களா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வாங்க" என்றாள் கயோ.

கடைசியில் மிச்சக் குழம்பில் நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடுவது அங்கே வழக்கம். கயோவின் பானையில் அதற்கு ஒரு சொட்டு மிச்சமில்லை. கோந்தா கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார், இன்னும் முடிவு பண்ணாமல்.

பானையைத் தூக்கிக்கொண்டு கயோ ஆற்றோரம் போனாள். அங்கே மினேகோ தன் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கயோ அவள் முன்னால் போய் நின்று, பானையைச் சாய்த்துக் காட்டினாள்.

"பாருங்கம்மா. நீங்க போகாதீங்கன்னு சொன்ன பானை."

மினேகோ நிமிர்ந்தாள். பானையின் உள்விளிம்பை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"மிசோவை அடுப்பை அணைச்சப்புறம்தான் கரைச்சிருக்கே. சரிதான். சகாதாவில எங்கம்மாவும் அப்படித்தான் செய்வா."

கயோ பானையைக் கீழே வைத்தாள். "நீங்களும் சகாதாவா?"

"அதெல்லாம் இங்க எல்லாருக்கும் மறந்தே போச்சு." மினேகோ மறுபடி தேய்க்கக் குனிந்தாள். "கல்யாணமாகி வந்த வருஷம் நானும் இதே கரையில எங்க ஊர்ப் பானை வெச்சேன். எல்லாரும் 'நல்ல வாசனை'ன்னு கும்பிட்டுட்டுப் போனாங்க. திட்டறதுக்குத்தான் ஒருத்தருமில்லை. பானை நிறைஞ்சபடியே வீட்டுக்குத் திரும்புச்சு."