பிறந்த வீட்டுக் கோடி

"பொறந்த வீட்டுக் கோடிச்சேலை போத்தாம எப்படிங்க பொணத்தைத் தூக்குறது?" என்றார் பங்காளி ஒருவர்.

செத்துக் கிடந்த அமுதவல்லிக்குக் கோடி போட அவள் அண்ணன் உயிரோடு இல்லை. தங்கையைப் பெண் கேட்டு வந்த சோலையப்பனைச் செருப்பால் அடித்தவன் அவன். சிங்கப்பூர்ப் பணத்தோடு திரும்பிய சோலையப்பன், அவனைக் குடிக்க வைத்தே கொன்றான்.

அதே சோலையப்பன் இப்போது ஆலங்குடியில் எடுத்த பட்டுச்சேலையோடு ஓடி வந்தான். "நான் போத்துறேன்!" என்று பிணத்தருகே விழுந்து கதறினான்.

"என்னா பாசம்!" என்று ஊர் உச்சுக்கொட்டியது.

சோலையப்பனின் மனைவி சுகுணா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"போத்துங்க. கோடி போட்டா நீங்க அண்ணன் மொறை. இனி இவ ஒங்களுக்குத் தங்கச்சி."

சேலையை விரித்த கை அந்தரத்தில் நின்றது.

"என்ன யோசிக்கிறீங்க? இத்தனை வருசமா எனக்குப் புருசனா நடிச்சீங்க. இவளுக்கு அண்ணனா ஒரு நிமிசம் நடிக்க முடியாதா?"