பாதி பைலா

இரத்தோட்டையில் வெயில் தாழ்கிறது. மிளகு காயும் பாயருகே துஷ்யந்தன் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறான். பால்மா டின்னில் சாய்த்துவைத்த போனில், குவைத்தில் வேலைபார்க்கும் வீட்டின் சமையலறையில் நிற்கும் அவன் மனைவி சிவநந்தினி. கல்யாணத்தன்று எல்லாரையும் ஆடவைத்த பைலா மெட்டையே வாசிக்கிறான். "கீழ அடிக்கிறது மட்டுந்தாங்க கேக்குது. மேல இழுக்கிற மெல்லிசான சத்தம் வரவே இல்ல," என்கிறாள். அவன் நகத்தைத் தந்திகளில் அழுத்தி மேலே இழுக்கிறான், பைலா நொண்டுகிறது. "விடுங்க, அத நான் போடுறேன்." கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டுகிறாள். அந்தச் சத்தம் கடல் தாண்டி வரச் சுணங்குகிறது. துஷ்யந்தன் வேகத்தைக் குறைக்கிறான். கீழே ஓர் அடி அடித்துவிட்டு, கையை அப்படியே நிறுத்தி, கரண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறான். வந்ததும் அடுத்த அடி. யாராலும் ஆடமுடியாத அளவுக்கு மெதுவான ஒரு பைலாவை இரண்டு பேரும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.